‘நெஞ்சு கனக்குது’ என்றால் என்ன நோய்?

மாணவர்களே, இந்த வாரம் ஒரு புதிரோடு தொடங்குவோம்.

பெஸ்தாரி ஜெயாவுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே வசிக்கும் ஓர் அம்மாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணவர் இறந்து எட்டு மாதமாகிறது. அம்மாவுக்கு இரவில் தூக்கம் இல்லை. சாப்பாட்டில் ருசி இல்லை. தலை கனக்கிறது. நெஞ்சில் கல்லை வைத்தது போல இருக்கிறது. அடிக்கடி பெருமூச்சு வருகிறது. யாரிடமோ கெஞ்சி, மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அரசாங்க கிளினிக்குக்குப் போகிறார். டாக்டர் மலாயில் கேட்கிறார். அம்மா தமக்குத் தெரிந்த மலாயில், "சாக்கிட் கெப்பாலா" என்கிறார். இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சரியாக இருக்கிறது. இதயத் துடிப்பை இசிஜி கருவியில் பார்க்கிறார்கள், அதுவும் சரி. வலி மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். அடுத்த மாதம் அதே அம்மா, அதே தலைவலி, அதே மாத்திரை.

இங்கே யார் தவறு செய்தார்? டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார். அம்மாவும் பொய் சொல்லவில்லை; தலை உண்மையிலேயே வலிக்கிறது. ஆனாலும் உண்மையான நோய் அந்த அறைக்குள் வராமலே போய்விட்டது. ஏன்? இந்தக் கட்டுரை முழுவதும் அதற்கான பதில்தான்.

பெருமூச்சு பொய் சொல்வதில்லை

முதலில் உடம்பைப் பார்ப்போம். கவலை மனத்தில்தானே இருக்கிறது, தலையும் நெஞ்சும் ஏன் வலிக்க வேண்டும்?

மூளையின் உள்ளே, காதுக்கு நேராகச் சற்று உட்புறம், பாதாம் பருப்பு வடிவில் ஒரு சிறிய பகுதி உண்டு. அதன் பெயர் அமிக்டலா. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. ஆபத்து என்று தோன்றியதும் அது ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து நரம்பு வழியாக ஒரு கட்டளை, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குப் போகும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும். இன்னொரு கட்டளை பிட்யூட்டரி சுரப்பி வழியாக, இரத்தத்தில் கலந்து, கொஞ்சம் தாமதமாக அதே அட்ரீனல் சுரப்பியை அடையும். அப்போது கார்ட்டிசோல் சுரக்கும். அது இரத்தத்தில் சர்க்கரையின் அளவை உயர்த்தி, உடம்பை ஓடவோ எதிர்க்கவோ தயாராக வைக்கும்.

வழியில் ஒரு பாம்பு குறுக்கிட்டால் இந்த ஏற்பாடு உயிரைக் காப்பாற்றும். பாம்பு போனதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் கடன், பிரிவு, வீட்டுச் சண்டை, வேலை போய்விடுமோ என்ற பயம் ஆகியவை பாம்பு போலப் போய்விடுவதில்லை. ஆபத்து மணி அணையாமல் அடித்துக்கொண்டே இருக்கும். கழுத்தும் தோளும் இறுகியே கிடந்தால் தலை வலிக்கும். செரிமானம் மந்தமானால் வயிறு பிசையும். கார்ட்டிசோலின் நாள் கணக்கு குழம்பினால் தூக்கம் கெடும். ஆகவே அந்த அம்மாவின் தலைவலி நடிப்பு இல்லை. மனத்தின் சுமையை உடம்பு தன் மொழியில் சொல்கிறது.

பெருமூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். படிவம் மூன்று அறிவியலில் சுவாசம் பற்றிய பாடத்தில் நுரையீரலின் காற்றுப்பைகளை, அதாவது அல்வியோலஸ்களைப் படித்திருப்பீர்கள். நம் நுரையீரலில் அவை கோடிக்கணக்கில் உள்ளன. சாதாரணமாக மூச்சுவிடும்போது அவற்றில் சில சுருங்கி ஒட்டிக்கொள்ளும். வழக்கமான மூச்சைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஆழமாக ஒரு மூச்சு இழுத்தால் அவை மறுபடி விரியும். அதற்காகத்தான் நாம் எல்லாரும் நம்மை அறியாமலே ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெருமூச்சு விடுகிறோம். 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் மூளைத்தண்டை ஆராய்ந்து, பெருமூச்சை இயக்கும் சில நூறு நரம்பணுக்களை மட்டுமே கொண்ட சிறு கூட்டத்தை அடையாளம் கண்டார்கள். கவலையும் பதற்றமும் கூடும்போது பெருமூச்சின் எண்ணிக்கையும் கூடுகிறது. "ஏன் இப்படிப் பெருமூச்சு விடுற?" என்று பாட்டி கேட்பது வெறும் பேச்சில்லை. அவர் ஓர் அறிகுறியைக் கவனித்திருக்கிறார்.

சொல் கிடைத்தால் மணி அடங்கும்

அடுத்தது மொழி. மனச்சோர்வு நோய்க்கு மலாயில் ‘கெமுருங்கான்’ என்று பெயர் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரிகிறது. "வீட்டில் அம்மாவிடம் இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று நான் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றாக வரும்: மனசு சரியில்ல, ஒன்னும் பிடிக்கல, வெறுப்பா இருக்கு, நெஞ்சு கனக்குது. புத்தகத்தில் உள்ள சொல் ஒரு பக்கம், வாயில் உள்ள சொல் இன்னொரு பக்கம். நடுவில் பாலம் இல்லை.

இந்தப் பாலம் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. 2007இல் கலிபோர்னியாவில் மெத்தியூ லீபர்மன் என்ற ஆய்வாளரின் குழு, கோபமும் பயமும் தெரியும் முகப் படங்களைச் சிலரிடம் காட்டி, அந்நேரத்தில் அவர்களின் மூளையை ஸ்கேன் செய்தது. அந்த முகத்தில் தெரியும் உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. சிந்தித்து முடிவெடுக்க உதவும் முன்மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பானது. உணர்ச்சிக்குப் பதிலாக அந்த முகத்துக்கு ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அதே அளவு அமைதி ஏற்படவில்லை. அதாவது, உணர்வுக்குப் பெயர் வைப்பதே ஆபத்து மணியைக் கொஞ்சம் தணிக்கிறது.

அப்படியானால் தன் உணர்வைத் தனக்குப் பழக்கமான சொல்லில் சொல்ல முடியாத இடத்தில், சிகிச்சை பாதி வழியிலேயே நின்றுவிடும். அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

தூரம் மூன்று வகை

புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், சுங்கை திங்கி பக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும், தோட்டத்து உட்புறத்திலிருந்து பெரிய சாலைக்கு வருவதே ஒரு பயணம். இது முதல் தூரம். மொழி இரண்டாவது தூரம். மூன்றாவது வெட்கம்.

மூன்றாவதற்கு நம் நாட்டில் ஒரு தனிப் பெயரே இருக்கிறது. பேராக்கில் ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊரில் 1911இல் ஒரு மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. ‘பஹாகியா’ என்றால் மகிழ்ச்சி. ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேலி செய்யும் வழக்கம் மட்டும் போகவில்லை. பள்ளி வளாகத்தில், "நீ தஞ்சோங் ரம்புத்தான் போக வேண்டிய ஆளு" என்று விளையாட்டாகச் சொல்வது உங்கள் காதில் விழுந்திருக்கும். அதைக் கேட்கும் ஒரு மாணவன் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்தால், அன்றோடு அவன் வாயைப் பூட்டிக்கொள்வான்.

இது ஓரிருவர் பிரச்சினை இல்லை. 2022ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் 13 முதல் 17 வயதுக்கு உட்பட்ட மாணவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மனச்சோர்வை உணர்வதாகக் காட்டியது. மனநோய்களில் ஏறக்குறைய பாதி 18 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று உலக அளவிலான ஆய்வுகள் சொல்கின்றன. நாற்பது பேர் உள்ள வகுப்பில் பத்துப் பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒன்றை இங்கே பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தேர்வில் மதிப்பெண் குறைந்தால் இரண்டு நாள் வருந்துவது நோய் இல்லை. சோகமோ எதிலும் பிடிப்பின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி நீடித்து, தூக்கம், பசி, படிப்பு, நட்பு ஆகியவற்றைக் கெடுத்தால் அப்போது உதவி தேவை.

யார் சொன்னால் அது ‘பாதுகாப்பு’?

நியூசிலாந்தில் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற தாதி இருந்தார். அவர் அந்நாட்டின் பூர்வகுடியான மாவோரி இனத்தவர். மருத்துவமனையில் மாவோரி மக்கள் தங்கள் மொழிக்கும் பழக்கத்துக்கும் மதிப்பில்லை என்று உணர்ந்து, நோய் முற்றும்வரை வராமலே இருப்பதை அவர் பார்த்தார். 1980களின் இறுதியில் அவர் முன்வைத்த கருத்துக்குப் ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்று பெயர். பண்பாட்டைப் பாதுகாப்பது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். சிகிச்சை பெறுபவர் தன் பண்பாட்டோடு அங்கே பாதுகாப்பாக உணர வேண்டும் என்பதே பொருள். சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்று முடிவு செய்ய வேண்டியவர் தாதியோ டாக்டரோ இல்லை, நோயாளிதான் என்றார் ராம்ஸ்டன். 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டின் தாதியர் கல்வியில் இது பாடமானது.

தமிழ் பேசும் மக்களிடையே இந்தக் கருத்து எப்படிச் செயலானது என்று பார்க்க, நாம் இலங்கையின் வடக்குக்குப் போக வேண்டும்.

யாழ்ப்பாணம்: ஊரே மருத்துவமனை

இலங்கையில் 1983 முதல் 2009 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. நடுவில் 2004 டிசம்பர் 26இல் சுனாமியும் வந்தது. வடபகுதித் தமிழர்களில் உறவை, வீட்டை, ஊரை இழக்காதவர்கள் குறைவு. இத்தனை பேருக்கும் சிகிச்சை தர அங்கே இருந்த மனநல மருத்துவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநலம் கற்பித்தவர்.

ஒவ்வொரு நோயாளியும் மருத்துவமனைக்கு வந்து ஒரு மணி நேரம் டாக்டரோடு பேசுவது அங்கே நடக்காத காரியம். ஆகவே அவரும் உடன் பணியாற்றியவர்களும் வேறு வழியில் யோசித்தார்கள். ஊரில் ஏற்கெனவே மக்கள் நம்பும் ஆட்கள் யார்? ஆசிரியர்கள், கிராமச் சுகாதாரப் பணியாளர்கள், கிராம அலுவலர்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அகதிகளின் மனநலத்துக்காக உலக அளவில் எழுதப்பட்ட கையேட்டை அப்படியே பெயர்க்காமல், தமிழ்ச் சமூகத்தின் வழக்கத்துக்கும் சொற்களுக்கும் ஏற்ப மாற்றித் தமிழில் எழுதினார்கள். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற நிறுவனம் ஆற்றுப்படுத்துநர்களைப் பயிற்றுவித்தது. கவுன்சிலிங் என்பதற்கு ஈழத்தில் ‘உளவளத்துணை’, ‘ஆற்றுப்படுத்தல்’ என்கிறார்கள். அழகான சொற்கள், இல்லையா?

அங்கேயும் மக்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லி வரவில்லை. பெருமூச்சு, நெஞ்சடைப்பு, உடம்பு நோவு என்றுதான் வந்தார்கள். சோமசுந்தரம் தம் எழுத்துகளில் பெருமூச்சைத் துயரத்தின் அடையாளமாகவே குறிப்பிடுகிறார். அந்தச் சொல்லிலிருந்தே பேச்சைத் தொடங்கினால் கதவு திறக்கும். மனத்தைத் தளர்த்தும் பயிற்சியிலும் அவரவர் வழக்கத்தைப் பயன்படுத்தினார்கள். மூச்சைக் கவனித்தபடி, அவரவர் சமயத்தில் பழகிய புனிதச் சொல்லை மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்வது அதில் ஒன்று. பெயர் தெரியாத புதுப் பயிற்சியைவிட, சிறு வயதிலிருந்து பழகிய ஒன்றை மக்கள் எளிதாகத் தொடர்ந்தார்கள்.

சடங்குகளையும் அவர்கள் வேறு கண்ணோடு பார்த்தார்கள். ஒருவர் இறந்தால் நம் ஊரில் 16ஆம் நாள் காரியம் வரை வீட்டில் கூட்டம் இருக்கும். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் அந்தியேட்டி உண்டு. ஒப்பாரி வைத்து வாய்விட்டு அழுவார்கள். பக்கத்து வீட்டார் சமைத்துக் கொண்டுவருவார்கள். துக்கத்தில் இருப்பவர் தனியாக விடப்படுவதில்லை. அழுவதற்கு அனுமதியும் கிடைக்கிறது. எப்போது மெல்ல வழக்க வாழ்வுக்குத் திரும்பலாம் என்று நாள் குறித்தும் தரப்படுகிறது. இவை எல்லாம் துயரத்தை ஆற்றும் ஏற்பாடுகள். அதனால்தான் காணாமற்போனவர்களின் குடும்பங்களின் துயரம் ஆறாமல் நீள்கிறது. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபோது எந்தச் சடங்கைச் செய்வது?

புதுக்கோட்டைக்குப் போன பஸ், ஹராரேயில் ஒரு பெஞ்சு

யாழ்ப்பாணத்தில் செய்தது உதவியை ஊர் மக்களிடம் ஒப்படைப்பது. இன்னொரு வழி, டாக்டரையே ஊருக்குக் கொண்டுபோவது. சென்னையில் 1984இல் மனநல மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற அமைப்பு, 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. அந்தப் பஸ்ஸுக்குள் ஓர் ஆலோசனை அறை, ஒரு திரை, ஒரு மருந்தகம். மருத்துவர் இருப்பது ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில். நோயாளி பஸ்ஸில் உட்கார்ந்து திரை வழியாக அவரோடு தமிழில் பேசுவார். மருந்துச் சீட்டு பஸ்ஸிலேயே வரும். மருந்தும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும்.

ஆனால் திரை மட்டும் போதவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளூரைச் சேர்ந்த பணியாளர்கள்தான் கிராமத்துக்குள் போய் நோயாளிகளைக் கண்டறிந்தார்கள். மருந்தை நிறுத்திவிட்டவர் வீட்டுக்குப் போய் விசாரித்தார்கள். குடும்பத்தோடு பேசினார்கள். தொழில்நுட்பம் முதல் தூரத்தைக் குறைத்தது. மற்ற இரண்டையும் மனிதர்கள்தான் குறைத்தார்கள்.

மருத்துவர் அல்லாதவர் உதவினால் உண்மையில் பலன் உண்டா? இதைச் சோதித்துப் பார்த்த நாடு ஜிம்பாப்வே. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் தலைநகர் ஹராரேயில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். கிளினிக்குக்கு வெளியே மர நிழலில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்திருப்பது பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. ‘நட்புப் பெஞ்சு’ என்று அதற்குப் பெயர். பாட்டிமார் ‘டிப்ரெஷன்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஷோனா மொழியில் மக்கள் சொல்லும் ‘குஃபுங்கிசிசா’ என்ற சொல்லிலிருந்து தொடங்கினார்கள். அதற்குப் பொருள் ‘அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டிருப்பது’. நம் பாட்டிகளும் "ரொம்ப யோசிக்காதே" என்றுதானே சொல்கிறார்கள்!

பாட்டி அறிவுரை சொல்ல மாட்டார். கேட்பார். வந்தவரின் பிரச்சினைகளைப் பட்டியலிடச் சொல்வார். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு வந்தவரே ஒரு வழி கண்டுபிடிக்க உதவுவார். பிறகு அடுத்த வாரம் வரச் சொல்வார். 24 கிளினிக்குகளில் 573 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் ஏழில் ஒருவரிடம் மட்டுமே இருந்தன.

கோயிலும் சங்கிலியும்

இப்போது உங்களில் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். தோட்டங்களில் யாருக்காவது மனம் சரியில்லை என்றால் முதலில் போவது மாரியம்மன் கோயிலுக்கோ முனியாண்டி கோயிலுக்கோதான். ‘காத்து கருப்பு’, ‘செய்வினை’ என்று பூசாரியிடம் மந்திரிக்கிறார்கள். பண்பாட்டை மதிக்க வேண்டும் என்றால் அதுவும் சரிதானா?

அறிவியல் ஆசிரியர் என்பதால் நான் உடனே "மூடநம்பிக்கை" என்று சொல்வேன் என நீங்கள் எதிர்பார்க்கலாம். ஆனால் சான்று என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் முத்துசாமி கோயில் என்று ஒன்று உண்டு. மனநோய் உள்ளவர்களைக் குடும்பத்தார் அங்கே அழைத்துவந்து தங்க வைப்பார்கள். ரகுராம் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் அங்கே தங்கிய 31 பேரைக் கவனித்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய் அறிகுறி மதிப்பெண் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே சிறப்பு மந்திரமோ மருந்தோ எதுவும் இல்லை. உறவினர் ஒருவர் கூடவே இருந்தார். அமைதியான இடம், சிறு சிறு வேலைகள், யாரும் விரட்டாத சூழல்.

இனி உங்கள் அறிவியல் மூளைக்கு வேலை. 31 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. கோயிலில் தங்காத இன்னொரு குழுவோடு ஒப்பிடவில்லை. அதாவது கட்டுப்பாட்டுக் குழு இல்லை. ஆகவே ‘கோயில் நோயைக் குணமாக்கும்’ என்று முடிவு கட்ட முடியாது. ‘அன்போடும் மரியாதையோடும் ஏற்றுக்கொள்ளும் இடம் உதவக்கூடும்’ என்று மட்டும் சொல்லலாம்.

அதே தமிழ்நாட்டில் மறுபக்கமும் உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி, தர்காவுக்குப் புகழ்பெற்ற ஊர். மனநோய் உள்ளவர்களைப் பல காலமாகக் குடும்பத்தார் அங்கே அழைத்துவருவார்கள். அவர்களைத் தங்க வைக்க அனுமதி இல்லாத இல்லங்கள் பெருகின. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை அத்தகைய இல்லம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இந்தியாவின் உச்ச நீதிமன்றமே இதைத் தானாக முன்வந்து விசாரித்தது. அந்த இல்லங்கள் மூடப்பட்டன. பின்னர் தர்காவுக்கு வருபவர்களுக்குப் பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்கச் செய்யும் திட்டம் அங்கே வந்தது. ‘மருந்தும் துவாவும்’ என்பது அதன் சாரம்.

ஆகவே கோயிலா கிளினிக்கா என்று கேட்பதைவிட வேறு கேள்விகளைக் கேளுங்கள். கட்டி வைக்கிறார்களா? அடிக்கிறார்களா? டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? பெரும் பணம் கேட்கிறார்களா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் அது பாதுகாப்பான இடம் இல்லை. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால், கோயிலுக்கும் போகலாம், கிளினிக்குக்கும் கட்டாயம் போகலாம்.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது?

பழைய தோட்டங்களில் ஒரு மருந்தகமும் ‘டிரஸ்ஸர்’ என்று அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளரும் இருந்தார்கள். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். லயத்து வீடுகளில் ஒருவர் இரண்டு நாள் வெளியே வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். தோட்டங்கள் கைமாறி, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போனபோது வீடு வசதியானது. கதவைத் தட்டும் ஆள் குறைந்தார். இன்று வடசிலாங்கூர்ச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். மொழி தெரியாத ஊரில் நெஞ்சு கனக்கும்போது அவர்கள் யாரிடம் சொல்வார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இன்று நமக்கு இருக்கும் வழிகள் இவை. அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் மனநலப் பரிசோதனையும் கேட்கலாம். உங்கள் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். அந்த அறை ஒழுங்கு தவறியவர்களுக்கு மட்டும் உரியது இல்லை. இவற்றோடு நீங்களும் இருக்கிறீர்கள். மலாயும் தமிழும் இரண்டும் தெரிந்த தலைமுறை நீங்கள். முதலில் நாம் பார்த்த அந்த அம்மாவோடு பேரனோ மகளோ கிளினிக்குக்குப் போய், "தலைவலி மட்டும் இல்லை டாக்டர், அப்பா போனதிலிருந்து அம்மா தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை" என்று மலாயில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், சிகிச்சை அன்றே வேறு திசையில் போயிருக்கும். அம்மாவிடம் முதலில் அனுமதி கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். தனியாகப் பேச விரும்பினால் வெளியே காத்திருங்கள். ராம்ஸ்டன் சொன்னது நினைவிருக்கட்டும். பாதுகாப்பா இல்லையா என்று முடிவு செய்பவர் அம்மாதான்.

நண்பன் அமைதியாகிவிட்டால்

வகுப்பில் ஒரு நண்பர் திடீரென ஒதுங்கினால், விளையாட்டை நிறுத்தினால், "நான் இல்லாமலே போகலாம்" என்பது போலப் பேசினால், இந்த நான்கையும் செய்யுங்கள்.

1. தனியாகக் கேளுங்கள். "கொஞ்ச நாளா நீ முன்ன மாதிரி இல்லையே, என்னாச்சு?" என்பது போதும்.

2. குறுக்கிடாமல் கேளுங்கள். "இதுக்கெல்லாமா கவலை?" என்று சொல்லாதீர்கள்.

3. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பேசக் கிடைத்ததே பலருக்கு நிம்மதி தருகிறது.

4. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். அந்த எண்ணம் இருப்பதாகச் சொன்னால் நண்பரைத் தனியே விடாமல், அன்றைக்கே ஆலோசக ஆசிரியரிடமோ நம்பிக்கையான பெரியவரிடமோ சொல்லுங்கள். நண்பரைச் சுமப்பது உங்கள் ஒருவரின் வேலை இல்லை. பெரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே உங்கள் வேலை.

இப்படி உதவி கேட்டால் போலீஸ் வருமோ என்ற பயம் முன்பு இருந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி தேவைப்படுபவர் நோயாளி; குற்றவாளி இல்லை.

உங்கள் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்
தாலியான் காசே: 15999 (24 மணி நேரமும்)
ஹீல் மனநல உதவி: 15555
பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர்: 03-7627 2929 (24 மணி நேரமும்)
உயிருக்கு உடனடி ஆபத்து என்றால்: 999

செய்து பாருங்கள்

ஒன்று: மூக்கால் ஆழமாக மூச்சை இழுங்கள். விடாமல் மேலும் கொஞ்சம் இழுங்கள். பிறகு வாயால் மிக மெதுவாக விடுங்கள். இது நீங்களே விடும் பெருமூச்சு. 2023இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வில், இதை நாளுக்கு ஐந்து நிமிடம் ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை மேம்பட்டது. தேர்வு அறைக்குள் நுழையும் முன் செய்து பாருங்கள். பதற்றத்துக்கு இது உதவும். மனச்சோர்வு நோய்க்கு இதுவே சிகிச்சை என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டு: வீட்டில் தாத்தா, பாட்டி, அம்மா, அப்பாவிடம் மன வேதனையைச் சொல்ல அவர்கள் பயன்படுத்தும் பத்துச் சொற்களைக் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றும் உடம்பின் எந்தப் பகுதியைக் குறிக்கிறது என்று பிரியுங்கள்: தலை, நெஞ்சு, வயிறு, மூச்சு. அடுத்த பத்தியில் அதே பொருளுக்கு மலாய்ச் சொல்லை எழுதுங்கள். பட்டியலை வகுப்புக்குக் கொண்டுவந்து ஆலோசக ஆசிரியரிடம் காட்டுங்கள். அடுத்த முறை யாராவது "நெஞ்சு கனக்குது" என்று சொல்லும்போது, அவர் என்ன சொல்ல வருகிறார் என்று அந்த அறையில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.